கையால் பூட்டிய காரை எம்ஓடி சோதனைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

பிரிட்டனில் கிட் கார் வைத்திருக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வீட்டுக் கொட்டகையில் பூட்டி முடித்தவர்களும் உங்களில் உண்டு, யாரோ பூட்டியதை விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை, வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்ஓடி சோதனை நிலையத்தின் வாசலில் போய் நின்றாக வேண்டும். அந்த நாள் நெருங்கும்போது பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. கலங்கத் தேவையில்லை. கடையில் வாங்கிய காருக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையும் அதன் பரிசோதகர்களும் இருக்கிறார்கள். உங்கள் காருக்கு அப்படி யாரும் இல்லை. அதனால், பூட்டிய கை அல்லாத வேறொரு கண் அதன் அடிவயிறு முழுவதையும் பார்ப்பது உங்கள் உயிருக்குக் கிடைக்கும் காவல். அந்தக் கண்ணுக்கு எதுவும் மறையாமல் காட்டுவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

1. நிலையத்தைத் தேடித் தேர்ந்தெடுங்கள். நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணம் இருந்தால் அங்கே சோதனை செய்யலாம். ஆனால் எல்லா இடமும் உங்கள் காருக்கு ஏற்ற இடமல்ல. சில நகராட்சிகள் தங்கள் வண்டிகளுக்காகவே சோதனைக் கூடம் நடத்துகின்றன. பொதுமக்களின் வண்டிகளையும் அங்கே பார்ப்பார்கள், பழுது பார்க்கும் தொழில் மட்டும் கிடையாது. குறை கண்டுபிடித்தால் அவர்களுக்கு லாபம் இல்லை, மறைத்தாலும் லாபம் இல்லை. புதியவர்களை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன். எங்கே போனாலும் முன்கூட்டியே தொலைபேசியில் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: இது கிட் கார்; தரைக்கும் எஞ்சின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கும் நடுவே இவ்வளவுதான் இடைவெளி; சக்கரங்களுக்கு இடையே அகலம் இவ்வளவு. செங்குத்தாக ஏறும் ராம்ப்பில் சம்ப் தட்டினால் எண்ணெய் முழுவதும் தரையில்தான்.

2. தேதியை உங்களுக்கு வசதியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய சான்றிதழ் முடிய ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போதே சோதனை செய்துகொள்ளலாம். அடுத்த ஆண்டின் முடிவு தேதி மாறாது. சான்றிதழ் முடிந்துபோயிருந்தால், முன்பதிவு செய்த சோதனைக்கோ பழுது பார்க்கும் இடத்துக்கோ நேராக ஓட்டிச் செல்ல மட்டுமே சட்டம் இடம் தருகிறது. காப்பீடு அப்போதும் வேண்டும். குளிர்காலம் முழுவதும் காரை மூடி வைக்கிறவர்கள் வசந்தத்தில் தேதி விழும்படி பார்த்துக்கொண்டால், சாலையில் தூவிய உப்பு மழையில் கரைந்து போன பிறகு வண்டியை வெளியே எடுக்கலாம்.

3. உங்கள் கார் என்ன என்பதை எடுத்துச் சொல்லத் தெரிந்திருங்கள். கிட் கார்களில் பல வகை உண்டு. 1957இல் லோட்டஸ் செவன் என்ற கார் வந்தது. உதிரிகளாக வாங்கினால் அன்றைய கொள்முதல் வரி இல்லை என்பதால் பலர் அதை வீட்டிலேயே பூட்டிக்கொண்டார்கள். 1973இல் அந்த வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் சலுகை போயிற்று. அதே ஆண்டு அந்தக் காரைக் கட்டும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1996இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகத்தைப் பார்த்து, பழைய ஃபோர்டு ஒன்றின் பாகங்களை வைத்துத் தாங்களே சேஸிஸ் வெல்டு செய்தவர்களும் உண்டு. அந்தக் கார்களை லோகோஸ்ட் என்பார்கள். உங்கள் முன் நிற்கும் சோதகர் இந்த வகைக் காரை இதற்கு முன் தொட்டே இராதவராகக்கூட இருக்கலாம். என்ன எஞ்சின், எந்த ஆண்டுடையது, பின் அச்சு எந்தக் காரிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எஞ்சினின் வயதுக்குச் சான்று இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். எந்தப் புகை அளவுக்குச் சோதிப்பது என்ற கேள்வி எழுந்தால், சான்று காட்ட வேண்டிய பொறுப்பு வண்டி கொண்டுவந்தவருடையது.

4. எடையைத் தெரிந்து வையுங்கள். இந்த வகைக் கார் பல 500, 600 கிலோதான் இருக்கும். பிரேக் ரோலரில் ஏற்றும்போது, பிரேக் விசையை எடையோடு ஒப்பிட்டுத்தான் சதவீதம் வரும். 2010 செப்டம்பருக்கு முன் முதல் பயன்பாட்டுக்கு வந்த காருக்கு 50 சதவீதம் போதும், அதன் பிறகு வந்தவற்றுக்கு 58 வேண்டும். கடைக் கார்களின் எடை பட்டியலில் இருக்கும், உங்களுடையது இராது. எடை மேடை உள்ள இடத்தில் ஒரு முறை நிறுத்தி, சீட்டு வாங்கி வைத்துக்கொண்டால் ஆண்டுதோறும் உதவும். லேசான கார் என்பதால் ரோலர் பெரிய எண்ணைக் காட்டும் முன்பே சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதைக் கண்டு பதறாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட சக்கரங்கள் அப்படிப் பூட்டினால் பிரேக் தேறியதாகவே எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது.

உண்மையில் மாட்டுவது வேறு இடத்தில். ஒரே அச்சில் ஒரு சக்கரத்தின் விசை மற்றதில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் தேறாது. மாதக்கணக்கில் நின்ற காரில் கேலிப்பர் பிஸ்டன் ஒரு பக்கம் இறுகியிருக்கும், டிஸ்க்கில் துரு படிந்திருக்கும். சோதனைக்குப் போகும் முன் நல்ல தூரம் ஓட்டுங்கள், பின்னால் வண்டி இல்லாத இடத்தில் சில முறை அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். டிஸ்க் துலங்கும், எஞ்சினும் புகைச் சோதனைக்கு வேண்டிய சூட்டுக்கு வரும். ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று முந்தின வாரமே பாருங்கள்.

5. மின்கம்பிகளுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். வீட்டில் பூட்டிய கார் சோதனையில் விழுவதற்கு, என் அனுபவத்தில், எஞ்சினைவிட விளக்குதான் அதிகக் காரணம். இரும்புக் காரில் விளக்கின் எர்த் உடம்பு வழியாகவே போய்விடும். ஃபைபர் கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் கம்பி இழுத்து சேஸிஸில் பூட்டியிருப்பீர்கள். அந்த முனை துருப்பிடித்தால் மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்கும், ஹெட்லைட் போட்டால் பின் விளக்கு சோரும். ஒரு விளக்கு எரிவது இன்னொன்றைப் பாதித்தால் அது குறைதான். ஆகவே விளக்குகளைத் தனித்தனியாகச் சோதிப்பதோடு நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, நண்பர் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். முனைகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி மறுபடி பூட்டுங்கள். 1980 ஏப்ரல் முதல் பயன்பாட்டுக்கு வந்த காருக்குப் பின்புற ஃபாக் விளக்கு கட்டாயம். நம்பர் பிளேட் விளக்கு சிறியது என்பதால் மறந்துபோகும். பேட்டரி அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஹெட்லைட் ஒளியின் விளிம்பும் அளக்கப்படும். விளக்கின் நடு தரையிலிருந்து 850 மில்லிமீட்டருக்கு மேல் போகாவிட்டால், அது 0.5 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் இடையே கீழ்நோக்கி விழ வேண்டும். சிறு காரில் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் மாற்றினாலும் இந்தக் கோணம் கெட்டுவிடும்.

6. சோதகருக்கு எதையும் கழற்ற அனுமதி இல்லை. எனவே பானட்டை எப்படித் திறப்பது, பிரேக் எண்ணெய்க் குப்பி எங்கே, எங்கே ஜாக் வைத்தால் சேஸிஸ் நெளியாது என்று நீங்களே காட்டுங்கள். பெடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தடித்த பாதுகாப்பு பூட்ஸ் போட்ட கால் பிரேக்கோடு ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்துவிடும். அதை முதலிலேயே சொல்லுங்கள். ரோலர்மேல் நீங்களே உட்கார்ந்து மிதிக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டுப் பார்க்கலாம், முடிவு அவருடையது. பிறகு பார்வையாளருக்கு ஒதுக்கிய இடத்துக்குப் போய்விடுங்கள். அவர் தலைக்கு மேல் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பதை எந்தத் தொழிலாளியும் விரும்பமாட்டார்.

7. சேஸிஸ் துரு. சஸ்பென்ஷனும் சீட் பெல்ட்டும் பூட்டிய இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் உலோகம் அரித்துப் பலம் குன்றியிருந்தால் தேறாது. சதுரக் குழாயால் ஆன சேஸிஸில் அந்தத் தூரத்துக்குள் பாதிக் கார் அடங்கிவிடும். மேலே பூசிய பவுடர் கோட்டிங் பளபளப்பாக இருக்கும், அதன் அடியில் நீர் புகுந்து அரிக்கும். கொப்புளம் கண்ட இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். அதன் மேலேயே பெயின்ட் அடித்து மூடுவது உங்களையே ஏமாற்றிக்கொள்வது. பால் ஜாயிண்ட் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் அதே சமயம் பாருங்கள்.

8. டயரில் நடு முக்கால் அகலத்துக்கு, சுற்றிலும், 1.6 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும். உங்கள் டயரில் அது தாராளமாக இருக்கும்; ஆண்டுக்குச் சில நூறு மைல் ஓடும் காரின் டயர் தேய்வதில்லை, காய்ந்து போகிறது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. சோதனையில் தேறினாலும், பத்தாண்டு கடந்த டயரில் மழையில் ஓடாதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

9. 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 முதல் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. சட்டம் விட்டாலும் நீங்கள் விடாதீர்கள். காசு கட்டி, கேட்டுக்கொண்டு சோதிக்கலாம்.

10. தேறாவிட்டால் தாளைப் பொறுமையாகப் படியுங்கள். 2018 மே முதல் குறைகள் ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்று பிரிக்கப்படுகின்றன. சிறியது மட்டும் இருந்தால் தேறிவிடும். ஆபத்தானது என்று எழுதியிருந்தால், பழைய சான்றிதழில் நாள் மீதி இருந்தாலும் காரைச் சாலையில் ஓட்டக் கூடாது. டிரெய்லரில் ஏற்றுங்கள். அங்கேயே விட்டுப் பழுது பார்த்தால் பத்து வேலை நாளுக்குள் மறுசோதனைக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே சரிசெய்து, அடுத்த வேலை நாள் முடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்தால் சில வகைக் குறைகளுக்கு இலவசம். கிட் கார்க்காரர்களான நமக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் பொருந்தும்; எந்தக் குறைக்கு அது செல்லும் என்று அங்கேயே கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். தேறிய தாளிலும் அறிவுரைக் குறிப்புகள் கீழே இருக்கும். அவற்றைக் கொட்டகைச் சுவரில் ஒட்டி, அந்த மாதத்துக்குள் ஒவ்வொன்றாக முடித்து அடித்துவிடுங்கள்.