கிரிப்பில் பெயர் விழுந்தவருக்கு வங்கிக் கணக்கு கிடைக்குமா?

சென்ற வாரம் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்தபோது அக்குறணையைச் சேர்ந்த தம்பி ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். பிளாஸ்டிக் சாமான் வியாபாரம் செய்தவர். 2018 மார்ச் கலவரத்தின்போது பல நாள் கடை பூட்டிக் கிடந்தது. அதன்பின் கொரோனா வந்தது. அதையும் ஒருவாறு தாண்டினார். ஆனால் 2022ஆம் ஆண்டு அவரை விழுத்திவிட்டது. அவ்வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதும், டொலருக்கு ஏற்பச் சாமான் விலை ஏறியதும் நமக்கெல்லாம் நினைவிருக்கும். கொழும்பு மொத்த வியாபாரிகளுக்கு மூன்று மாதத் தவணையில் திகதி போட்டுக் கொடுத்திருந்த செக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. வங்கி அவருடைய நடைமுறைக் கணக்கை மூடிவிட்டது.

இப்போது மீண்டும் ஒரு சிறு கடை போடப் போகிறார். "நானா, என் பெயர் கிரிப்பில் விழுந்துவிட்டது. இனி எந்த வங்கியும் எனக்குக் கணக்குத் தராது. வீட்டுக்காரியின் பெயரில் கணக்கைத் திறந்து, செக் புத்தகத்தில் கையெழுத்தை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாமென்று பார்க்கிறேன்" என்றார்.

அவரை உட்காரவைத்து, பிளேன்டீ வரவழைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இதே நிலையில் கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் இன்னும் பலர் இருப்பதால் அதை இங்கும் எழுதுகிறேன்.

முதலில் கிரிப் என்றால் என்ன? இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் நாம் சுருக்கமாக அப்படிச் சொல்கிறோம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அது கறுப்புப் பட்டியல் அல்ல. நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை, பணமில்லாமல் திரும்பிய செக் ஆகிய விபரங்களை அது திரட்டி வைத்திருக்கிறது. கடன் கொடு என்றோ, கொடுக்காதே என்றோ அது சொல்வதில்லை. அந்த அறிக்கையைப் பார்த்துத் தீர்மானிப்பது வங்கிதான்.

ஆகவே ஊகத்தில் பேசாமல், முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டையுடன் வங்கிக் கிளை ஒன்றின் மூலம் விண்ணப்பிக்கலாம். நாம் பிணை நின்ற கடனும் அதில் இருக்கும். மச்சானின் முச்சக்கர வண்டி லீசிங்குக்குக் கையெழுத்து வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் பலர். கட்டித் தீர்த்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால், பற்றுச்சீட்டுடன் அந்த நிறுவனத்திடம் போய்த் திருத்தக் கேட்கலாம். நியாயம் கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம்.

இரண்டாவது விடயம், எந்தக் கணக்கைக் கேட்பது என்பது. கணக்குத் திறப்பதும் கடன் வாங்குவதும் ஒன்றல்ல. சேமிப்புக் கணக்கில் நாம்தான் வங்கியிடம் பணத்தை ஒப்படைக்கிறோம். அதனால் கடன் வரலாறு அங்கே பெரிய தடையாக இருப்பதில்லை. செக் புத்தகத்துடன் கூடிய நடைமுறைக் கணக்கு அப்படியல்ல. ஒவ்வொரு செக் தாளும் வங்கியின் பெயரைத் தாங்கி வெளியே போகிறது. பழைய செக் திரும்பியவருக்கு அதைக் கொடுக்க வங்கி தயங்குவதில் நியாயம் உண்டு. மேலதிகப் பற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே செக் புத்தகத்தைக் கேட்காதீர்கள். செக் இல்லாத கணக்கொன்றைக் கேளுங்கள். இன்று கொழும்பு வியாபாரிக்குப் பணம் அனுப்ப செக் தேவையில்லை. கைத்தொலைபேசியிலிருந்தே உடனே அனுப்பலாம். கியூஆர் அட்டையொன்றை மேசையில் வைத்து வாடிக்கையாளரிடம் பணம் பெறலாம். கையில் பணம் இருந்தால் மட்டுமே சாமான் எடுப்பீர்கள். அது ஒரு வகையில் ரஹ்மத்தும் கூட.

மூன்றாவது, வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிவு செய்யுங்கள். பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, முகவரிக்கு மின் பட்டியல், வரி இலக்கம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டுச் செலவுக்கும் வியாபாரத்துக்கும் ஒரே கணக்கை வைத்திருக்க வேண்டாம்.

நான்காவது, பழைய வங்கிக்கு இன்னும் கடன் இருந்தால் அங்கேயே புதுக் கணக்குத் திறந்து பணத்தைப் போட்டுவிட்டு ஏமாறாதீர்கள். நிலுவைக்காக அதை ஈடுசெய்துகொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. ஆனால் ஒளிந்து திரிவதும் வழியல்ல. முகாமையாளரைச் சந்தித்து, மாதம் எவ்வளவு கட்டமுடியும் என்று எழுத்தில் பேசி முடியுங்கள். கட்டி முடித்ததும் தீர்த்த கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய வரலாறு மறுநாளே அழியாது. ஆனால் தீர்த்தவர் என்ற பதிவுக்கும் தீர்க்காதவர் என்ற பதிவுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

"இஸ்லாமிய வங்கியிலும் கிரிப் பார்ப்பார்களா, நானா?" என்று கேட்டார். பார்ப்பார்கள். 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதால் வட்டியில்லா வங்கிமுறைக்கு வழி பிறந்தது. 2011இல் அமானா வங்கி ஆரம்பமானது. வேறு வங்கிகளும் தனிப் பிரிவுகளை நடத்துகின்றன. ஆனால் வட்டி இல்லை என்பதற்காக வாக்குத் தவறுவது இலேசாகிவிடுமா?

கடைசியாக, மனைவியின் பெயரில் செக். இதற்குத்தான் நான் கடுமையாக மறுத்தேன். கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி குற்றம். செக் திரும்பினால் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அழைக்கப்படுவது கையெழுத்து வைத்தவர். கடைப் பக்கமே வராத ஒரு பெண்ணை, நமது கடனுக்காகக் கூண்டில் நிறுத்தலாமா? மனைவி உண்மையிலேயே பங்குதாரர் என்றால் பதிவிலும் கணக்கிலும் அப்படியே காட்டுங்கள். அதில் தவறில்லை.

எனக்கும் இளவயதில் ஒரு செக் திரும்பியது. கொடுக்கவேண்டியவரின் கடைக்கு நானே போய் நின்று, அவர் ஏசியதைக் கேட்டுக்கொண்டு, நான்கு தவணையில் கட்டினேன். அதன்பின் இரண்டு வருடம் செக் எழுதவில்லை. அன்றாட விற்பனையை மறுநாள் காலையிலேயே வங்கியில் போட்டுவந்தேன். கடைசியில் அந்த முகாமையாளரே கூப்பிட்டுச் செக் புத்தகத்தைத் தந்தார். என் வாய்ப்பேச்சு அல்ல, அந்த வைப்புச் சீட்டுகள்தான் எனக்காகப் பேசின.

அந்தத் தம்பி பிளேன்டீயை முடித்துவிட்டு, "செக் இல்லாமல் வியாபாரம் சிறிசாகத்தானே இருக்கும், நானா?" என்றார். "ஆம், சிறிசாக இருக்கும். ஆனால் உன்னுடையதாக இருக்கும்" என்றேன். அறிக்கையை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

வாசகர்களில் யாருடைய கடை இலாச்சியிலாவது மனைவியோ தம்பியோ கையெழுத்து வைத்துக் கொடுத்த வெற்றுச் செக்குகள் இருந்தால், இன்றிரவே எடுத்துக் கிழித்துவிடுங்கள்.