தனித்தனியா ஃபெயில், சேர்ந்தா பாஸ்

போன எபிசோடில் ஆஸ்பத்திரிக் கிருமிகளைப் பற்றிக் கதைச்சபோது, நேரம் போதாமல் விட்ட விஷயம் இது. கோடிங் செய்யிற ஆக்களுக்கு உடனே பிடிபடும்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, ஏறத்தாழ 10 பேரில் 3 பேரின் மூக்குக்குள் சும்மா குடியிருக்கு. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் காயம், கையில் ஏற்றின ட்ரிப் ஊசி என்று அதுக்கு உள்ளே போக வழி கிடைக்குது. இரத்தத்துக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கிருமியிடம் நோர்ஏ என்று ஒரு பம்ப் இருக்கு. செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு புரதம்தான் அது. உள்ளே வருகிற சில மருந்துகளை அப்படியே வெளியே தள்ளிவிடும். சிப்ரோஃப்ளோக்சசினும் அதில் ஒன்று. ஓட்டைப் படகை நினைச்சுப் பாருங்கோ: தண்ணி வருகிற வேகத்தைவிட இறைக்கிற வேகம் கூட என்றால் படகு தாழாது.

இப்ப செடிக்கு வருவம். இலங்கையில் தடிமனுக்குக் கொத்தமல்லியோட அவிக்கிற மரமஞ்சள் தெரியும்தானே? அதன் மஞ்சள் நிறமும் கசப்பும் பெர்பெரின் என்ற பொருளால் வருவது. (கறிக்குப் போடுகிற மஞ்சளில் இருப்பது குர்குமின். அது வேற ஆள்.) பெர்பெரின் பாக்டீரியாவுக்குள் போய் டிஎன்ஏயில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நோர்ஏ அதையும் இறைச்சுத் தள்ளிவிடுவதால், தனியாகச் சோதித்தால் அது ஒரு சுமாரான மருந்துதான்.

2000இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோரின் குழு பெர்பெரின் உள்ள இன்னொரு செடியை, பெர்பெரிஸ் இனத்தை, ஆராய்ந்தது. அதன் இலையில் 5'-மெத்தாக்சிஹிட்னோகார்பின் என்று ஒன்று கிடைச்சது. பெயரை மறந்துவிடலாம், வேலையைக் கவனியுங்கோ: தனியாகப் போட்டால் கிருமிக்கு ஒன்றுமே ஆகாது, ஆனால் அது நோர்ஏ பம்பை அடைச்சுவிடும். பெர்பெரினோட சேர்த்துப் போட்டபோது கிருமி வளராமல் நின்றது. ஆயுதத்தையும் பம்புக்கான அடைப்பையும் ஒரே செடி சேர்த்தே செய்து வைச்சிருக்கு!

யூனிட் டெஸ்டில் ஒன்று சுமார், மற்றது முழு ஃபெயில். இன்டெக்ரேஷன் டெஸ்டில்தான் பாஸ். மூலிகையைப் பிரிச்சு ஒவ்வொரு பொருளாகச் சோதிக்கிற வழக்கமான முறையில், அந்த இரண்டாவது பொருள் நேரே குப்பைக்குப் போயிருக்கும். என்னைக் கேட்டால், பெர்பெரினைவிட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

அப்ப ஏன் வார்டில் இது இல்லை? கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்ல பிளீச்சாலும் முடியும். வாயால் குடிக்கிற பெர்பெரினில் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பமும் மற்ற மருந்துகளில் கை வைக்கும்: சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள் எடுக்கிற சைக்ளோஸ்போரினின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும்.

ஆகவே வார்டில் இருக்கிற அம்மம்மாவுக்கு மரமஞ்சள் அவிச்சு பிளாஸ்க்கில் கொண்டுபோக முதல், அங்குள்ள ஃபார்மசிஸ்டிடம் ஒரு வார்த்தை கேளுங்கோ. டொக்டர் தந்த ஆன்டிபயாடிக்கை அதுக்காக நிறுத்தச் சொல்ல வேண்டாம். வாசலில் இருக்கிற ஜெல்லில் கையைத் தேய்ச்சிட்டு உள்ளே போங்கோ, மூக்கைத் தொட்டிருந்தால் கட்டாயம்.