ஊர் வீட்டுக் கேமராவின் சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: ஊரில் அப்பா, அம்மா மட்டும் இருக்கிறார்கள். போன முறை வந்தபோது வீட்டைச் சுற்றி நான்கு கேமராவும் ஒரு டிவிஆரும் வைத்துவிட்டு வந்தேன். அங்கே இருந்தவரை போனில் நன்றாகத் தெரிந்தது. சிங்கப்பூர் திரும்பியதும் ‘ஆஃப்லைன்’ என்று வருகிறது. ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் கேமரா மாட்டிய டெக்னீஷியன். திறக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். முதலில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

போர்ட் திறப்பது பழைய வழி. ரூட்டருக்கு இணையத்தில் தனி முகவரி இருந்த காலத்தில், வெளியிலிருந்து வரும் அழைப்பை நேரே டிவிஆருக்குத் திருப்பிவிடுவார்கள். ஹிக்விஷன் என்றால் 8000, தாஹுவா வகை என்றால் 37777 என்று ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஓர் எண் உண்டு. இன்று பெரும்பாலான வீடுகளில் இது வேலையே செய்யாது. உலகில் உள்ள பழைய வகை இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான். அவை எப்போதோ தீர்ந்துபோயின. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘வான் ஐபி’ என்ற இடத்தை அப்பாவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண் 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் உங்கள் வீடும் பகிர்ந்த முகவரியில்தான் இருக்கிறது. அங்கே எத்தனை போர்ட் திறந்தாலும் சிங்கப்பூரிலிருந்து ஒன்றும் தெரியாது.

தனி முகவரி கிடைத்தாலும் நான் திறக்கச் சொல்லமாட்டேன். திறந்த போர்ட் உங்களுக்கு மட்டும் திறந்திருப்பதில்லை. இணையத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 2016-ல் ‘மிராய்’ என்ற தீநிரல், ஏறத்தாழ அறுபது பயனர் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதன் பலம். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டு நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பெரிய தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. 2021-ல் ஹிக்விஷன் கேமராக்களில் வெளிப்பட்ட ஓட்டை இன்னும் மோசம்: பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளே நுழைய முடிந்தது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஆனால் வீட்டுக் கேமராவுக்குத் திருத்தம் போடுகிறவர்கள் எத்தனை பேர்?

நம் நாட்டு நிகழ்வும் ஒன்று உண்டு. 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா பதிவுகள் திருடப்பட்டு, பெண்கள் பரிசோதிக்கப்படும் காட்சிகள் யூடியூபில் வெளியாகி, டெலிகிராமில் விற்பனைக்கு வந்தன. கேமராவைத் தூரத்திலிருந்து பார்க்கும் வசதி, அந்தப் பெண்களை யார் யாரோ பார்க்கும் வசதியாக மாறிப்போனது. உங்கள் வீட்டுக் கேமராவில் தெரியப்போவது உங்கள் அம்மா. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சரியான வழி, டிவிஆரிலேயே இருக்கும் ‘பி2பி’ இணைப்பு. ஹிக்விஷனில் இதற்கு ‘பிளாட்ஃபார்ம் ஆக்சஸ்’ என்று பெயர். சிபி பிளஸ், தாஹுவா ஆகியவற்றில் ‘பி2பி’ என்றே இருக்கும். இதில் டிவிஆர் வீட்டுக்குள்ளிருந்து தானாகவே வெளியே போய், தயாரிப்பு நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பில் இருக்கும். உங்கள் போனில் உள்ள ஆப்பும் அதே சர்வரைத் தேடிப் போகும். சர்வர் இரண்டையும் இணைத்துவைக்கும். ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம். பகிர்ந்த முகவரியானாலும் தடையில்லை.

அப்படியானால் உங்களுக்கு ஏன் ‘ஆஃப்லைன்’? ஊரில் இருந்தபோது உங்கள் போனும் டிவிஆரும் ஒரே வைஃபையில் இருந்தன. இணையத்தைத் தொடாமல் வீட்டுக்குள்ளேயே படம் வந்திருக்கும். டிவிஆர் ஒருநாளும் வெளியே போய் இணைந்திருக்கவில்லை என்பது என் கணிப்பு. கேமரா மாட்டுகிறவர் வீட்டு வைஃபையில் காட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவது எங்கும் நடப்பதுதான். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் படம் வருகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

இப்போது அப்பாவை வீடியோ காலில் அழைத்து டிவிஆர் முன்னால் உட்காரச் சொல்லுங்கள். மெனுவில் ‘நெட்வொர்க்’ பக்கத்துக்குப் போனால் நான்கு வரிகள் இருக்கும். ‘டிஎச்சிபி’ என்பதில் டிக் இருக்க வேண்டும். ‘கேட்வே’ என்ற இடத்தில் ரூட்டரின் முகவரி இருக்க வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1. அடுத்து ‘டிஎன்எஸ்’. நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் இங்கேதான். அது காலியாக இருக்கும், அல்லது எங்கும் போகாத ஓர் எண் இருக்கும். 8.8.8.8 என்றும், இரண்டாவதாக 8.8.4.4 என்றும் போட்டுச் சேமிக்கச் சொல்லுங்கள். பிறகு பி2பி பக்கத்தில் ‘எனேபிள்’ டிக்கைப் போட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் ‘ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் ‘ஆன்லைன்’ என்று வரும். பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு இருக்கும். அதைத்தான் ஆப்பில் ஸ்கேன் செய்ய வேண்டும். ஹிக்விஷன் கூடவே ஒரு ‘வெரிஃபிகேஷன் கோடு’ கேட்கும். அதையும் அந்தப் பக்கத்திலேயே நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

ஆப்பில் கணக்குத் தொடங்கும்போது இரண்டு விஷயம். நாடு எது என்று கேட்டால் கேமரா இருக்கும் நாட்டை, அதாவது இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். கணக்கை இந்திய மொபைல் எண்ணில் தொடங்காமல் மின்னஞ்சலில் தொடங்குங்கள். ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் ஒருநாள் செத்துப்போகும், ஓடிபி வராது, ஆத்திர அவசரத்தில் கணக்குக்குள் நுழைய முடியாமல் நிற்பீர்கள்.

க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் ‘இந்தக் கருவி வேறொரு கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது’ என்று வந்தால், அங்கேயே நில்லுங்கள். நான் மிக அதிகமாகக் கவலைப்படுவது இந்த ஒரு வரிக்காகத்தான். டெக்னீஷியன் உங்கள் டிவிஆரைத் தன் சொந்தக் கணக்கில் சேர்த்து, உங்களுக்கு அதில் ஒரு பங்கை மட்டும் கொடுத்திருக்கிறார் என்று பொருள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பத்து வீட்டு வேலையை ஒரே போனில் முடிக்கும் அவசரம். ஆனால் அந்தப் போனைத் திறந்தால் உங்கள் வீட்டு முற்றம் தெரியும். அவர் கடையில் வேலை பார்த்துவிட்டு விலகிப்போன பையனுக்கும் தெரியலாம். அவரை அழைத்து, கூச்சப்படாமல், ‘அண்ணே, உங்க அக்கவுண்ட்ல இருந்து டிலீட் பண்ணிடுங்க, நான் என் பேர்ல ஏத்திக்கிறேன்’ என்று கேளுங்கள். அவர் எடுக்காவிட்டால், டிவிஆரின் சீரியல் எண்ணும் வாங்கிய பில்லும் காட்டித் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அதோடு டிவிஆரின் ‘அட்மின்’ பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். டெக்னீஷியன்கள் ஊரெல்லாம் ஒரே பாஸ்வேர்டை வைக்கும் பழக்கம் உண்டு. அட்மின்123 போன்றவை பாஸ்வேர்டே இல்லாததற்குச் சமம். பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல், ஆப் கணக்குக்கு ஒன்று, டிவிஆருக்கு வேறொன்று. இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். பீரோவைத் திறக்கும் அளவுக்கு உள்ளே வந்துவிட்டவனுக்கு அந்த நோட்டு தேவைப்படாது. அதனால் எழுதிவைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆப்பில் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் போடுங்கள். அக்காவும் மச்சானும் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ‘ஷேர்’ வசதியில் நேரலையை மட்டும் பார்க்கும் உரிமை கொடுங்கள், வேண்டாதபோது எடுத்துவிடலாம். ரூட்டரில் ‘யுபிஎன்பி’ என்றொரு வசதி இருக்கும். அதையும் அணையுங்கள்; உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துவிடும் வசதி அது.

வைஃபை கேமராவாக இருந்தால் இவ்வளவு வேலையில்லை. அவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இணைப்பு வந்துவிட்டது, படம் நின்று நின்று வருகிறது என்பீர்கள். வீட்டு இணையத்தின் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். உங்களுக்குப் படம் வருவது அந்தப் பாதையில்தான். ஒவ்வொரு கேமராவிலும் இரண்டு ஓட்டம் உண்டு: பதிவுக்கு ‘மெயின் ஸ்ட்ரீம்’, தூரத்திலிருந்து பார்க்க ‘சப் ஸ்ட்ரீம்’. போனில் நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது சப் ஸ்ட்ரீம் போதும்; முகத்தை உற்றுப் பார்க்க வேண்டியபோது ஒன்றை மட்டும் பெரிதாக்கி மெயினுக்கு மாறுங்கள்.

ஹார்டு டிஸ்க் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் பதினொரு நாள் பதிவு நிற்கும். அதற்குப் பிறகு பழையதன் மேல் புதியது எழுதப்படும். வாரம் ஒருமுறை, சிங்கப்பூரிலிருந்தே, நேற்று இரவு இரண்டு மணிப் பதிவை ‘பிளேபேக்’கில் ஓட்டிப் பாருங்கள். நேரலை நன்றாகத் தெரிகிறது என்பதால் பதிவு ஆகிறது என்று அர்த்தமில்லை. டிஸ்க் பழுதானாலும் நேரலை வந்துகொண்டுதான் இருக்கும். பார்க்கும்போது ஓரத்தில் உள்ள நேரம் இந்திய நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் கவனியுங்கள். டிவிஆரில் நேர மண்டலத்தை +5:30 என வைத்து ‘என்டிபி’யைப் போட்டுவிட்டால் தானே சரிசெய்துகொள்ளும்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? டிவிஆரை இன்வெர்ட்டரில் போட்டவர்கள்கூட ரூட்டரை மறந்துவிடுகிறார்கள். டிவிஆர், கேமராக்களின் பவர் சப்ளை, ரூட்டர், ஃபைபர் பெட்டி நான்கும் இன்வெர்ட்டர் பிளக்கில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிளக்கிலும் பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், ‘ரூட்டர் பிளக்கை எடுத்துட்டு ஒரு நிமிஷம் கழிச்சுப் போடுங்கப்பா’ என்று போனில் சொன்னால் அப்பா தவறாமல் செய்வார். ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் வெளியே கேபிள் அறுந்திருக்கும். அதற்கு இணையக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

இரவில் ஓயாமல் எச்சரிக்கை வருகிறது என்ற புகார் பலருக்கு உண்டு. கேமரா முகப்பில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். கேமராவின் அகச்சிவப்பு விளக்கில் ஒற்றை நூலும் வெள்ளைக் கயிறாகத் தெரியும். காற்றில் ஆடும்போதெல்லாம் ஆள் நடமாட்டம் என்று கேமரா எண்ணிக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் தட்டிவிடச் சொல்லுங்கள். கேமராவில் மனித உருவத்தை மட்டும் அறியும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாசல், பின்கட்டு, மாடிப்படி ஆகியவற்றில் கேமரா இருக்கட்டும். கூடத்தில் வைப்பதானால் அம்மாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். எப்போது பார்ப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். படுக்கையறைக்கு எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம். எதிர் வீட்டு வாசலைக் காட்டும் கேமராவைத் திருப்பிவிடுங்கள்.

புதிதாக வாங்கும் எண்ணமிருந்தால், 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. ‘எஸ்டிக்யூசி’ சான்று பெற்ற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே இருப்பதற்கு, ஆப்பிலோ டிவிஆர் மெனுவிலோ ‘ஃபர்ம்வேர் அப்டேட்’ வந்திருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். கணினியில் கைதேர்ந்தவர்கள் நிறுவன சர்வரையே நம்பாமல், வீட்டில் ‘வயர்கார்டு’ அல்லது ‘டெய்ல்ஸ்கேல்’ என்ற விபிஎன் நிரலை வைத்து அதன் வழியே பார்க்கலாம். பகிர்ந்த முகவரியிலும் டெய்ல்ஸ்கேல் வேலை செய்யும். ஆனால் அப்பா, அம்மா மட்டும் இருக்கும் வீட்டில், கோளாறு வந்தால் சரிசெய்ய ஆளில்லாத அமைப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கேமராவில் யாரோ சுவரேறிக் குதிப்பது தெரிந்தால் அப்பாவை வெளியே போய்ப் பார்க்கச் சொல்லாதீர்கள். கதவைத் தாழிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து அவசர எண்ணான 112-ஐ அடித்தால் உங்கள் ஊர்க் காவல்துறைக்குப் போகாது. அதனால் உள்ளூர்க் காவல் நிலைய எண்ணையும், நான்கு வீடு தள்ளியிருக்கும் ஒருவரின் எண்ணையும் இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள். சம்பவம் நடந்த அன்றே பதிவைப் பென்டிரைவில் எடுத்துவைக்க வேண்டும். உங்கள் டிஸ்க் பதினொரு நாள்தான் காத்திருக்கும். அந்தப் பதிவு நீதிமன்றம் வரை போனால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதனால் போலீஸ் கேட்கும்வரை டிவிஆரில் எதையும் அழிக்க வேண்டாம், டிஸ்க்கைக் கழற்றவும் வேண்டாம்.