ஆங்கிலச் சொல்லை மனதில் நிறுத்துவது எப்படி?



"வீட்டில படிக்கிறப்போ எல்லாம் தெரியுது. பரீட்சை மண்டபத்துக்குள்ள போனா ஒண்ணும் ஞாபகத்துக்கு வருதில்ல." சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. பெரியவர்களோ, "எங்க பரம்பரைக்கே இங்கிலீசு ஏறாதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

அது சரியா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் நாம் போகும் பிரட்டு, 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல். நாம் குடியிருக்கும் லயம், 'லைன்' என்ற சொல். செக்ரோல், ஸ்டோர், வெதரிங் எல்லாம் ஆங்கிலமே. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத நம் பாட்டன் பாட்டிமார் இவற்றை எப்படிப் படித்தார்கள்? எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை. பிரட்டு என்றதும் களம் கண்ணில் தெரிந்தது. வெதரிங் என்றதும் வாடுகிற கொழுந்தின் வாசம் வந்தது. தெரிந்த ஒன்றோடு கட்டிப்போட்ட சொல் ஓடிப்போகாது. தனியாக விட்ட சொல் நிற்காது. இந்த ஒரு விசயத்தைத்தான் இந்தப் பாடத்தில் சொல்லப் போகிறோம்.

இது பரீட்சைப் புள்ளிக்கு மட்டும் உதவுகிற காரியம் அல்ல. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கையில் பிடித்தபடி நம்மிடம் வந்தார். கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். கூட வந்த பேத்தி பாடசாலையில் கெட்டிக்காரி. அப்படியும் அவளுக்கு மூன்று சொற்கள் விளங்கவில்லை: அரியர்ஸ், டிடக்ஷன், கிராஜுவிட்டி. அந்த அம்மா மழையிலும் பனியிலும் கூடை சுமந்த அத்தனை வருசமும் அந்த மூன்று சொல்லுக்குள்ளேதான் இருந்தது!

இனி வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி: சத்தத்தைப் பிடி, படம் போடு

புதுச் சொல்லின் சத்தத்தைப் போலவே ஒலிக்கும் தெரிந்த சொல் ஒன்றைத் தேடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து மனதில் ஒரு வேடிக்கையான படம் போடுங்கள். 1975இல் அமெரிக்காவில் அட்கின்சன், ராவ் என்ற இரண்டு அறிஞர்கள் 120 ரஷ்யச் சொற்களை வைத்து இந்த முறையைச் சோதித்தார்கள். இப்படிப் படித்த மாணவர்கள், வழக்கம்போல் படித்தவர்களை விட அதிகமான சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். ஆறு வாரம் கழித்துச் சோதித்தபோதும் அவர்களே முன்னுக்கு நின்றார்கள்.

நாமும் செய்து பார்ப்போமா?

அட்டாச்: இணைத்தல். மழைநாளில் மலைக்குப் போனால் காலில் என்ன ஒட்டும்? அட்டை! ஒட்டிக்கிட்டா, "அட்டை ஆச்சு!" விண்ணப்பத்தில் 'அட்டாச்' என்று இருந்தால், பிறப்புச் சான்றிதழை அட்டை மாதிரி அதோடு ஒட்டவைத்து அனுப்பச் சொல்கிறார்கள்.

அரியர்ஸ்: நிலுவை. "ஆறு இயர்ஸ்" என்று சொல்லிப் பாருங்கள். ஆறு வருசமாகக் கொடுக்காமல் கிடக்கும் பாக்கிக் காசு கண்ணுக்குத் தெரியும்.

எலிஜிபிள்: தகுதியுள்ள. பொந்துக்குள் போக எலிக்குத் தகுதி உண்டு. பெருச்சாளிக்கு இல்லை, வயிறு இடிக்கும். ஆகவே எலிதான் எலிஜிபிள்!

கேண்டிட்: ஒளிவுமறைவு இல்லாத. "கண்டிட்டேன்!" என்று கண்டதைக் கண்டபடி சொல்லுகிறவர் கேண்டிட்.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். சிரித்துப் படித்தது லேசில் மறக்காது. நாம் சொன்ன படத்தை விட நீங்களே கட்டிய படம் இன்னும் நன்றாக ஒட்டும்.

இரண்டாம் வழி: வேரைப் பிடி

கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியைப் பார்த்தால் மொட்டையாக நிற்கும். வேர் இருப்பதால் மறுபடியும் துளிர்க்கும். ஆங்கிலச் சொற்களுக்கும் வேர் உண்டு. அவற்றில் பல லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. ஒரு வேரைத் தெரிந்துகொண்டால் பல சொற்கள் கையில் வரும்.

'டக்ட்' என்ற வேருக்கு நடத்திச் செல்வது, இழுப்பது என்று பொருள். பஸ்ஸில் வரும் கண்டக்டர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். 'டி' என்பது 'அதிலிருந்து'. ஆகவே டிடக்ஷன் என்றால் சம்பளத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் காசு, அதாவது கழிவு.

'வித்' என்றால் பார்ப்பது. நமக்குத் தெரிந்த வீடியோ அதில் பிறந்ததுதான். 'ப்ரோ' என்றால் முன்னே. ஆகவே 'ப்ராவிடன்ட்' என்பது வரப்போகிற காலத்தை முன்கூட்டியே பார்த்துச் சேர்ப்பது. நம் ஊழியர் சேமலாப நிதிக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர்தான். 1958இல் வந்த சட்டம் அது. இன்று தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, முதலாளி தன் பங்காக நூற்றுக்கு 12 என்பது குறைந்தபட்சக் கணக்கு.

'கிராட்' என்ற வேர் நன்றியைக் குறிக்கும். கிராட்டிடியூட் என்றால் நன்றியுணர்வு. கிராஜுவிட்டி என்ற சொல்லுக்குப் பழைய பொருள் அன்பளிப்பு. ஆனால் இங்கே ஏமாந்துவிடாதீர்கள்! நம் நாட்டில் அது யாரும் மனமிரங்கிக் கொடுக்கும் அன்பளிப்பு அல்ல. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடச் சேவையைப் பூர்த்தி செய்தவருக்கு உரிய சேவைக்காலப் பணம். வேர் சொல்லின் பிறப்பைக் காட்டும், இன்றைய பொருளை அகராதியில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

'மால்' என்றால் கெட்டது. கெட்ட காற்றால் வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பியதால்தான் மலேரியா என்று பெயர் வந்தது. கிளினிக்கில் கேள்விப்படும் 'மால்நியூட்ரிஷன்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நியூட்ரிஷன் என்றால் போசணை. அது கெட்டால் மந்தபோசணை.

மூன்றாம் வழி: மறக்க முன்னே திரும்பப் பார்

எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே வேகமாக மறந்துபோகிறது, பிறகு மறதி மெதுவாகிறது என்பது அவர் கண்டது. ஆகவே பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடியப் படிப்பதை விட, நாளுக்குப் பத்து நிமிசம் திரும்பப் பார்ப்பது மேல்.

பழைய காட்போட் அட்டையைச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருளும் உங்கள் படமும். மூன்று பழைய பெட்டிகள் எடுங்கள். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பி வரும். ஒரு நாளைக்கு ஐந்து புதுச் சொல் போதும். பேராசை வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

சத்தம் ஞாபகத்துக்கு மட்டும்தான். சரியான உச்சரிப்பை ஆசிரியரிடம் கேளுங்கள். எழுத்தைக் கொப்பியில் எழுதிப் பழகுங்கள். அரியர்ஸ் என்று எழுதும்போது அதற்குள்ளே வருடம் கிடையாது, காது என்று பொருள்படும் 'இயர்' தான் இருக்கிறது! அதுபோல டிடக்ட் வேறு, டிடெக்ட் வேறு. முன்னது கழிப்பது, பின்னது கண்டுபிடிப்பது. படித்த சொல்லை வைத்து ஒரு வாக்கியமாவது எழுதினால்தான் அது உங்களுக்குச் சொந்தம்.

பெற்றோரே, "எனக்கு இங்கிலீசு தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுக்க?" என்று ஒதுங்க வேண்டாம். அட்டையின் தமிழ்ப் பக்கத்தை நீங்கள் பிடியுங்கள், பிள்ளை சொல்லட்டும். வாசிக்கத் தெரியாதவரும், "அந்த எலிக் கதைய இன்னொருக்கா சொல்லு" என்று கேட்கலாமே. கதை வந்தால் சொல்லும் கூடவே வரும்.

அந்த அம்மாவின் கடிதத்தை அன்று பேத்தியோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தோம். கழிவு எவ்வளவு, நிலுவை எவ்வளவு, எந்த இடத்தில் விளக்கம் கேட்க வேண்டும் என்று அவளே பென்சிலால் கோடு போட்டாள். எழும்பிப் போகும்போது, "அம்மாயி, இனிமே எதில கையெழுத்து போட முந்தியும் என்கிட்ட ஒருக்கா காட்டுங்க" என்றாள். அந்த அம்மாவின் முகத்தில் வந்த சிரிப்பு நம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இந்த மாத வீட்டுவேலை: வீட்டிலுள்ள சம்பளச் சீட்டையோ பழைய கடிதத்தையோ எடுங்கள். விளங்காத ஐந்து ஆங்கிலச் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருளை அகராதியில் பார்த்து ஐந்து அட்டை செய்யுங்கள். இன்று இரவே தொடங்குவோமா?