யோகா வகுப்பைப் படம்பிடிக்கும்போது

மணிமங்கலத்தை ஒட்டிய எங்கள் பள்ளியில் படிக்கும் பலரின் பெற்றோர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். ஜூன் 21, பன்னாட்டு யோகா நாள் நிகழ்ச்சிக்கு அவர்களால் வர இயலாது. காலை ஷிப்டுக்கான கம்பெனி பஸ் விடியும் முன்பே கிளம்பிவிடும். "வீடியோ எடுத்து அனுப்புங்க சார், பார்த்துக்கிறோம்" என்றார்கள். என்னிடம் கைப்பேசி இருந்தது, பயிற்சி இல்லை. துணிந்து எடுத்தேன்.

எடுத்ததைப் பிறகு பார்த்தபோது வெட்கமாக இருந்தது. விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், நான் வரிசைகளுக்கு நடுவே நடந்த வழியெங்கும் ஒவ்வொருவராகக் காலைக் கீழே ஊன்றியிருந்தார்கள். அசையாத ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள் என்றுதான் அந்த ஆசனத்தைக் கற்பிக்கிறோம். பார்வை அலைந்தால் உடலும் ஆடும். அந்தப் பார்வைக்குக் குறுக்கே நடந்தவன் நான்.

1938இல் மைசூரில் எடுக்கப்பட்ட ஒலியில்லாக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. பின்னாளில் சென்னையில் வாழ்ந்து மறைந்த டி. கிருஷ்ணமாச்சார்யாவும் அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்காரும் அதில் ஆசனங்கள் செய்கிறார்கள். உச்சி முதல் பாதம் வரை உடல் தெரிவதால் இன்றும் அதிலிருந்து கற்க முடிகிறது. எனக்கு அதுவே பாடமாயிற்று.

அடுத்த முறை முக்காலியில் கைப்பேசியைக் குறுக்குவாக்கில் பொருத்தி, ஓரிடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். முக்காலி இல்லாதவர்கள் நாற்காலி மேல் நான்கு புத்தகங்களை அடுக்கலாம். காலை வெயில் கைப்பேசியின் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். சூரியனைப் பார்த்து வைத்தால் பிள்ளைகள் கறுப்பு உருவங்களாகத்தான் தெரிவார்கள். அதற்காக அவர்கள் கண்ணில் வெயில் அறையவும் விடக்கூடாது, சற்றே பக்கவாட்டில் விழட்டும். உட்கார்ந்து செய்யும் ஆசனங்களுக்குக் கைப்பேசியையும் அவர்கள் உயரத்துக்கு இறக்க வேண்டும். அழைப்பு வந்து பதிவு நின்றுபோகாமலிருக்க விமானப் பயன்முறை. ஏரிக்காற்றில் குரல் எடுபடவில்லை. எனவே இன்னொரு கைப்பேசியை ஆசிரியர் அருகே வைத்து ஒலியை மட்டும் தனியாகப் பதிந்தோம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிவிட்டால், பின்னர் அந்தச் சத்தத்தை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம்.

வஜ்ராசனத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்ததுதான் மிகவும் பயன்பட்டது. "நான் நேராத்தானே உட்காந்தேன்" என்று சாதித்த மாணவன், திரையில் தன் கூன் முதுகைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பத்து முறை வாயால் சொல்லியும் நடக்காதது அது. அவனுக்கு மட்டும் தனியே காட்டினேன். வகுப்பு முன்னால் காட்டியிருந்தால் சிரிப்புதான் மிஞ்சியிருக்கும்.

தியானத்தைப் படமெடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். முந்தைய பதிவில், கண்மூடி இருக்க வேண்டிய பிள்ளைகளில் பாதிப்பேர் ஒற்றைக் கண்ணைத் திறந்து கேமராவைத் தேடியிருந்தார்கள். பதிவாகிறது என்ற நினைப்பு இருக்கும்வரை மனம் அடங்காது. அந்த ஐந்து நிமிடமும் கைப்பேசி என் பையில் இருக்கும். கண்மூடிய குழந்தையால் தன்னை யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கவும் முடியாதல்லவா?

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. நாங்கள் ஒப்புதலை எழுத்தில் வாங்குகிறோம். பதிவு வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு மட்டும் போகும். யாருடைய ஸ்டேட்டஸிலும் வைப்பதில்லை, என்னுடையதிலும்தான்.

பெற்றோர் கையெழுத்திட்டிருந்தும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "என்னை எடுக்க வேண்டாம் சார்" என்றாள். காரணம் கேட்கவில்லை. அன்றிலிருந்து இடது ஓர வரிசை படத்தில் விழாத வரிசை. விருப்பப்பட்டவர்கள் அங்கே பாய் விரித்துக்கொள்ளலாம். போன முறை அங்கே பதினோரு பேர் இருந்தார்கள், எங்கள் உடற்கல்வி ஆசிரியர் உட்பட.