வாரண்டோடு வாசலுக்குப் போகும் இளம் அதிகாரிக்கு

சோதனை வாரண்டில் பிழை புகும் இடம் பெரும்பாலும் காவல் நிலையத்து மேசைதான். கதவு உடைபடும் நேரத்தில் அந்தப் பிழைக்குச் சில நாள் வயதாகியிருக்கும். அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம் 1791 முதல் மூன்றைக் கேட்கிறது: நம்பத்தக்க காரணம், அதற்குச் சத்தியப் பிரமாணம், சோதிக்க வேண்டிய இடத்தின் தெளிவான விவரம். மூன்றையும் எழுதித் தருபவர் போலீஸ் அதிகாரி. நீதிபதியின் முன் இருப்பது காகிதம் மட்டுமே. வீட்டுக்காரர் வந்து மறுத்துப் பேச வழியில்லை. ஆகவே எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கக்கூடிய கேள்விகளையும் அதிகாரியே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'நீதிபதியே கையெழுத்துப் போட்டுவிட்டாரே' என்பது இத்தொழிலில் அடிக்கடி கேட்கும் சமாதானம். பிரமாணப் பத்திரத்தில் உள்ள தகவலை அந்தக் கையெழுத்து உண்மையாக்கிவிடாது.

அட்லாண்டா நகரில் 2006 நவம்பரில் நடந்ததை ஒவ்வொரு புதிய அதிகாரியும் படித்திருக்க வேண்டும். கைதான ஒருவர் ஒரு வீட்டைக் காட்டி, அங்கே கொகெய்ன் இருப்பதாகச் சொன்னார். இன்ஃபார்மர் ஒருவரை அனுப்பி அந்த வீட்டில் போதைப்பொருள் வாங்கச் செய்து உறுதிப்படுத்துவதே முறை. போதைப்பொருள் பிரிவினர் அதைச் செய்யவில்லை. செய்ததாகப் பிரமாணப் பத்திரத்தில் எழுதி, கதவைத் தட்டாமலே நுழைவதற்கு வாரண்ட் வாங்கினார்கள். உள்ளே இருந்தவர் 92 வயது மூதாட்டி. கதவை உடைப்பது திருடர்கள் என்று எண்ணி ஒரு முறை சுட்டார். போலீஸ் தரப்பிலிருந்து 39 குண்டுகள் பாய்ந்தன, அவர் இறந்தார். பிறகு அவர்களே அந்த வீட்டில் கஞ்சாவை வைத்தார்கள். அங்கே வாங்கியதாகச் சொல்லும்படி இன்ஃபார்மர் ஒருவரைக் கேட்டார்கள். அவர் மறுத்து உண்மையை வெளியே சொன்னதால்தான் எல்லாம் அம்பலமாயிற்று. மூன்று அதிகாரிகளுக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைத்தது. இத்தனை கைது, இத்தனை வாரண்ட் என்று மாத இலக்கு வைத்து அழுத்தம் தந்த நிர்வாகமும் அந்த வழக்கில் பேசப்பட்டது. இலக்கு வைப்பவர் பிரமாணம் செய்வதில்லை. செய்பவர்தான் சிறைக்குப் போகிறார்.

பொய்யே இல்லாத பிழையும் உண்டு. 2019 பிப்ரவரியில் சிகாகோ போலீசார் ஒரு சமூக சேவகியின் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்தார்கள். உடை மாற்றிக்கொண்டிருந்தவரை ஆடையின்றி நிற்கவைத்துக் கைவிலங்கிட்டார்கள். இது தவறான வீடு என்று அவர் 40 முறைக்கு மேல் சொன்னது போலீசாரின் உடைக் கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. அவர்கள் தேடியவர் பக்கத்து வீட்டில், மின்னணுக் கண்காணிப்புப் பட்டையோடு இருந்தவர். அதாவது அவருடைய முகவரி அரசின் பதிவேட்டிலேயே இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நகர நிர்வாகம் 29 லட்சம் டாலர் நஷ்டஈடு தந்தது.

இந்த வகைப் பிழையைச் சட்டம் பெரும்பாலும் மன்னிக்கிறது. ஒரே மாடியில் இரண்டு குடியிருப்புகள் இருப்பது தெரியாமல் மற்றதையும் சோதித்த பால்டிமோர் போலீசாரின் செயலை 1987இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் தவறு தெரிந்த நொடியில் சோதனையை நிறுத்தியாக வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தெரிந்தே பொய் எழுதுவதையும், உண்மையா என்று கவலைப்படாமல் எழுதுவதையும் அதே நீதிமன்றம் ஃபிராங்க்ஸ் வழக்கில் 1978இல் தந்த தீர்ப்பு ஒரே தட்டில் வைத்தது. அந்தப் பகுதியை நீக்கிய பின் மிச்சம் போதாதென்றால் வாரண்ட் செல்லாது. நேர்மையான பிழைக்குத் தண்டனை இல்லாததால் சரிபார்ப்பு அதிகாரியின் மனசாட்சியை நம்பி விடப்பட்டிருக்கிறது. சட்டத்தின் கனிவை அனுமதியாக எடுத்துக்கொள்ளும் அதிகாரி நாளடைவில் ஆபத்தானவர் ஆகிறார்.

சரிபார்ப்பில் மர்மம் ஒன்றுமில்லை. வரைபடத்தை நம்பாமல் பகலில் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது. வீட்டு எண், கதவின் நிறம், எந்த மாடி என்பதை எழுதிவைப்பது. இப்போது அங்கே குடியிருப்பவர் யார் என்று மின் இணைப்பு, வாடகைப் பதிவுகளில் தேடுவது. 2001இல் கலிஃபோர்னியாவில் சோதிக்கப்பட்ட ஒரு வீடு, அதற்குச் சில மாதம் முன்பே விற்கப்பட்டிருந்தது. புதிதாகக் குடிவந்த ஜோடியைப் போலீசார் படுக்கையிலிருந்து நிர்வாணமாக எழுப்பி நிறுத்தினார்கள். இன்ஃபார்மர் சொன்னதைத் தனியே உறுதிப்படுத்தாமல் பத்திரத்தில் ஏற்றக் கூடாது. நேரில் பார்த்த அதிகாரியே குழுவை வாசல்வரை கூட்டிப் போவது நல்லது. உள்ளே இருப்பவர் 'வீடு மாறி வந்துவிட்டீர்கள்' என்றால் அதைச் சாக்காக ஒதுக்கிவிடாமல், அங்கேயே முகவரியை மறுபடி ஒப்பிடலாம். அரை நிமிட வேலை.

தவறான வீடு என்று தெரிந்தபின் செய்ய வேண்டியவை தனி. விலங்கை உடனே அவிழ்ப்பது, உடுத்திக்கொள்ளத் துணி தருவது, குழந்தைகள் இருந்தால் அவர்கள் முன்னிருந்து துப்பாக்கிகளை அகற்றுவது, உடைந்த கதவுக்கு யார் பொறுப்பு, எங்கே கோருவது என்று எழுத்தில் கொடுப்பது, நடந்ததை நடந்தபடி அறிக்கையில் பதிவது. 2017 அக்டோபரில் அட்லாண்டாவை ஒட்டிய பகுதியில் எஃப்பிஐ குழு ஒன்று ஜிபிஎஸ் காட்டிய தவறான வீட்டுக்குள் விடியுமுன் ஒளிக்குண்டு வீசி நுழைந்தது; உள்ளே 7 வயதுச் சிறுவனும் இருந்தான். குழுத் தலைவர் பிறகு திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். நஷ்டஈடு அத்தனை எளிதாக வரவில்லை. 1973இல் இல்லினாயின் காலின்ஸ்வில்லில் வீடு மாறி நடந்த சோதனைகளுக்குப் பிறகு, இத்தகைய வழக்குகளுக்காகவே 1974இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியிருந்தது. அப்படியும் கீழ் நீதிமன்றங்கள் அந்தச் சிறுவனின் குடும்பம் தொடுத்த வழக்கைத் தள்ளின. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த முடிவை ரத்து செய்து, மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. சோதனை நடந்து அப்போது ஏழரை ஆண்டு கடந்திருந்தது.