ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி உருவாகும் விதம்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கிடை போடும் ஆட்டுக்காரர்கள் பெரிதும் அஞ்சுவது ஆட்டுக்கொல்லி நோயை. இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் அரசூரில். அங்கே பிரித்தெடுத்த வைரசே பின்னர் தடுப்பூசிக்கும் உதவியது.

வைரஸ் உயிருள்ள செல்லில்தான் பெருகும். முன்பு மாட்டு வெக்கை நோய்த் தடுப்பூசிக்காகக் கன்றின் சிறுநீரகத்தை நறுக்கி, டிரிப்சின் என்னும் நொதியால் செல்களைப் பிரித்து, சத்துநீர் ஊற்றிய குப்பியில் வளர்த்தனர். இவை முதல்நிலைச் செல்கள். குப்பி நிறைந்ததும் வேறு குப்பிகளுக்கு மாற்றினால் இரண்டாம்நிலைச் செல்கள். நாற்றைப் பறித்து நடுவதைப் போலத்தான். ஆனால் சில தடவை மாற்றியதும் இவை ஓய்ந்துவிடும். மறுபடி கன்று தேட வேண்டும். அக்கன்றில் மறைந்திருக்கும் கிருமி மருந்திலும் புகுந்துவிடக்கூடும். இது சில்லறைத் தொல்லை அல்ல.

ஆகவே ஆட்டுக்கொல்லி மருந்துக்கு, 1962-ல் ஜப்பானில் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த, ஓயாது பெருகும் 'வீரோ' செல்கள் பயன்படுகின்றன. ஒருமுறை சோதித்து உறையவைத்தால் பல்லாண்டு எடுத்தாளலாம்.

மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். சூடு பட்டால் செத்துவிடும். மதுரை வெயிலில் ஐஸ் பெட்டியிலேயே வைத்திருந்து, கரைத்தவுடன் தாமதமின்றிப் போட்டுவிட வேண்டும்.